‘முன் அனுபவம் அவசியம்’: மதுரையில் முதல் மார்க்கெட்டிங் வேலை

9 ஜூன் 2024, காலை (கேள்வி)

பி.காம். முடித்து ஓராண்டு ஆகிறது. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஆரப்பாளையத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி வேலை தேடுகிறேன். மார்க்கெட்டிங்தான் எனக்குப் பிடித்த வேலை. ஆனால் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் ‘முன் அனுபவம் 2 ஆண்டு’ என்று இருக்கிறது. அனுபவம் கேட்காத ஓர் இடத்துக்குப் போனேன், பயிற்சிக்கு 3,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். யாராவது வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? ‘மதுரையில் மார்க்கெட்டிங் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் சேல்ஸ்தான், சென்னைக்குப் போ’ என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். உண்மையா?

9 ஜூன், இரவு

தம்பி, முதலில் அந்த 3,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

வேலைக்கு ஆள் எடுக்கிறவர் சம்பளம் கொடுப்பார், நம்மிடம் வாங்க மாட்டார். பயிற்சிக் கட்டணம், ஐடி கார்டு, யூனிஃபார்ம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை ‘ஆபீஸில் இருக்கட்டும்’ என்று கேட்டாலும் அதே பதில்தான். காட்டலாம், கொடுக்கக் கூடாது. ‘உங்களுக்குக் கீழே மூன்று பேரைச் சேருங்கள்’ என்று பேச்சு ஆரம்பித்தால் அது வேலையே இல்லை.

10 ஜூன்

நான் எப்படி மார்க்கெட்டிங்குக்குள் வந்தேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011ல் பி.ஏ. எகனாமிக்ஸ் முடித்தேன். அப்பாவுக்கு சிம்மக்கல்லில் சைக்கிள் ரிப்பேர் கடை. ஆறு மாதம் தேடியும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணா நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் டீத்தூள் கம்பெனிக்கு ‘புரமோட்டர்’ வேலை கிடைத்தது. மாதம் 4,500 ரூபாய், அதுவும் ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாக. காலை 10 மணியிலிருந்து இரவு 9 வரை டீத்தூள் அடுக்குக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்களிடம் ‘அக்கா, இதை வாங்கிப் பாருங்க’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. டிகிரி படித்துவிட்டுக் கடையில் நிற்கிறாளே என்று அத்தை அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

நின்றுகொண்டே இருந்தால் கண் சும்மா இருக்காது. பில் ரோலின் மிச்சத் தாளில் எழுத ஆரம்பித்தேன். ஒரு பெண் வருவார், கால் கிலோ பாக்கெட்டை எடுப்பார். மூடி ஒட்டியிருக்கும் பாக்கெட்டைத்தான் மூக்கருகே கொண்டுபோவார். வாசனை எப்படி வரும்? திருப்பி விலையைப் பார்ப்பார், வைத்துவிடுவார். பிறகு 100 கிராம் பாக்கெட் இரண்டை எடுத்துக் கூடையில் போடுவார். கணக்குப்படி பார்த்தால் 100 கிராம்தான் விலை கூடுதல். தொடர்ந்து எழுதிய பிறகு தெரிந்தது: 20ஆம் தேதிக்குப் பிறகுதான் இப்படி நடக்கிறது. 1ஆம் தேதியிலிருந்து 10 வரை அதே பெண்கள் அரைக் கிலோ எடுக்கிறார்கள். ஓர் அக்காவிடம் கேட்டேன். ‘மாசக் கடைசிம்மா, கையில இருக்கிறத பால்காரனுக்கும் வச்சிக்கணும்ல’ என்றார்.

மூக்குக்குக் கொண்டுபோகிறார்களே என்று ஒரு நாள் கடை மேனேஜரிடம் கேட்டு, ஒரு பாக்கெட்டைப் பிரித்துச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடியைத் திறந்து நீட்டினேன். முந்தின நாள் கால் கிலோ நான்கு பாக்கெட் போயிருந்தது. அன்றைக்குப் பதினொன்று.

மாதம் ஒரு முறை கம்பெனியின் ஏரியா ஆபீசர் வருவார். அந்தத் தாள்களைக் காட்டினேன். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். ‘இதை யார் எழுதச் சொன்னது?’ என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். அடுத்த மாதம் 20ஆம் தேதி 100 கிராம் பாக்கெட்டைக் கண்மட்டத் தட்டுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மதிப்பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் ஏன் சின்ன பாக்கெட் என்பதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். அப்படித்தான் கம்பெனிக்குள் வந்தேன்.

என்னை நிற்க வைத்த ஏஜென்சி கடைசி மாதச் சம்பளத்தைத் தரவே இல்லை. ஐந்து முறை நடந்தேன். அந்த 4,500 ரூபாயை இன்னும் மறக்கவில்லை. ஆகையால் ஒன்று: மூன்றாம் ஆள் மூலம் சேர்ந்தால் சம்பளத் தேதியையும் சம்பளம் தருவது யார் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

12 ஜூன்

‘பிராண்ட், விளம்பரம் எல்லாம் சென்னை, பெங்களூரு, மும்பையில்தான். இந்தப் பையனை ஏன் இங்கேயே கட்டிப்போடுகிறீர்கள்?’ என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பாதி சரி அண்ணே. பெரிய கம்பெனிகளின் பிராண்ட் வேலை தலைமை அலுவலகத்தில்தான் நடக்கிறது. ஆனால் பெரிய கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்து அங்கே சேர்கிற பிள்ளைகளையும் முதலில் லைனுக்குத்தான், அதாவது ஒரு பகுதிக் கடைகளைச் சுற்றி வரும் வேலைக்குத்தான், அனுப்புகிறார்கள். கடை கடையாக ஏறி ஆர்டர் எடுத்த பிறகுதான் ஏ.சி. அறை. அந்த லைன் செல்லூரிலும் இருக்கிறது, மேலூரிலும் இருக்கிறது.

மதுரையில் யார் ஆள் எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். கீழமாசி வீதி மொத்த வியாபாரிகள், பெரிய கம்பெனிகளின் சரக்கை வாங்கி வைத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஸ்டாக்கிஸ்டுகள், விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள், மருத்துவமனைகள், தனியார் கல்லூரிகள், பிளாட் போடுகிறவர்கள், கப்பலூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகள், அப்பளமும் மசாலாவும் செய்கிறவர்கள். இன்ஸ்டாகிராம் பக்கம் பார்த்துக்கொடுக்கும் சின்னச் சின்ன ஏஜென்சிகளும் கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம் வந்துவிட்டன. இதில் பாதிப் பேர் ‘மார்க்கெட்டிங் வேலை’ என்று விளம்பரமே போடுவதில்லை. ‘நல்லா பேசத் தெரிஞ்ச பையன் இருந்தா சொல்லுங்க’ என்று டீக்கடையில் சொல்லிவைப்பார்கள்.

சேல்ஸ் வேறு, மார்க்கெட்டிங் வேறு என்பதையும் நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு எத்தனை பெட்டி போனது என்பது சேல்ஸ். யார் வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள், அடுத்த மாதமும் வாங்குவார்களா என்பது மார்க்கெட்டிங். இரண்டுக்கும் விடை அதே கடை வாசலில்தான் கிடைக்கிறது. பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கையும் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960ல் ஒன்றாகத் தொகுத்தார். வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அதில் மூன்றாவதான ‘இடம்’ என்னவென்று புரிய வேண்டுமானால் அண்ணாச்சி கடையில் பாக்கெட் சரம் எந்த ஆணியில் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கினார். சிக் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோனார். கிராமத்தில் சிறுவர்களுக்குத் தலை தேய்த்துவிட்டுக் காட்டினார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் புதுப் பாக்கெட் ஒன்று இலவசம் என்றார்கள். வாரம் ஒரு நாள் கூலி வாங்குகிற வீட்டில் பாட்டில் வாங்கக் காசு இருக்காது, சில்லறை இருக்கும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது.

12 ஜூன், சற்று நேரம் கழித்து

இதையும் சொல்ல விட்டுவிட்டேன். மதுரையிலேயே பார்க்க வேண்டிய வேலை அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்கள். டாக்டர் வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண் தெரியாத பாட்டி பஸ் ஏறி மதுரைக்கு வரமாட்டார் என்று தெரிந்து முகாமை ஊருக்கே கொண்டுபோனார்கள். இலவசம் என்றால் மட்டும் ஆள் வந்துவிடாது. கூட யார் வருவது, அன்றைக்குக் கூலி போகுமே, ஆபரேஷன் என்றால் பயம், இப்படி ஆயிரம் தடை இருக்கும். அதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்குவதும் மார்க்கெட்டிங்தான். எனக்கு இந்தத் தொழில் மேல் மரியாதை வந்ததற்கு அந்த முகாம்களும் ஒரு காரணம். எங்கள் பாட்டிக்கு ஒரு முகாமில்தான் கண் திரும்பக் கிடைத்தது.

16 ஜூன்

வேலை விளம்பரத்தைப் படிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் தேவை. டூவீலர் அவசியம். சம்பளம் 12,000 + இன்சென்டிவ்’. இன்சென்டிவ் என்பது விற்பனைக்கு ஏற்பத் தரும் கூடுதல் பணம். இந்த விளம்பரத்தில் இல்லாத சொல்லைத் தேடுங்கள். பெட்ரோல் காசு பற்றிப் பேச்சே இல்லை. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டிக்கு 1.2 லிட்டர் ஆகும். லிட்டர் நூறைத் தாண்டிவிட்டது. நாளைக்கு 120 ரூபாய்க்கு மேல், 26 நாளைக்கு 3,100க்கு மேல். வண்டி தேய்மானத்தைச் சேர்க்காமலே 12,000 என்பது 9,000க்குக் கீழே போய்விடுகிறது. ஆகவே நேர்முகத்தில் பயணப்படி (டி.ஏ.) உண்டா, கிலோமீட்டருக்கு எவ்வளவு, எந்த லைன் என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் தவறே இல்லை. கணக்குத் தெரிந்த பையன் என்று நினைப்பார்கள்.

இன்சென்டிவ் எப்போது என்றும் கேளுங்கள். டார்கெட்டில், அதாவது விற்பனை இலக்கில், 80 சதவீதத்துக்கு மேல்தான் தருவார்கள் என்றால், இப்போது அந்த லைனில் இருப்பவர் எத்தனை மாதம் 80ஐத் தொட்டார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் இன்சென்டிவைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

17 ஜூன்

திருத்தம். திருமங்கலத்தில் பத்து ஆண்டாக லைன் பார்க்கும் ஒருவர், ‘60 கிலோமீட்டர் என்பது வெளியூர் லைன். டவுன் லைன் என்றால் 25, 30தான் வரும்’ என்று எழுதியிருக்கிறார். சரிதான், நான் என் உசிலம்பட்டி–தேனி லைனை மனதில் வைத்து எழுதிவிட்டேன். 30 கிலோமீட்டர் என்றால் மாதம் ஏறக்குறைய 1,600 ரூபாய். அவர் சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றவே இல்லை: எக்ஸ்பைரி ஆன சரக்கை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று சேரும்போதே கேட்க வேண்டும். அவர் முதலில் இருந்த ஏஜென்சியில் அதைச் சேல்ஸ்மேன் சம்பளத்தில் பிடித்தார்களாம். அப்படிப்பட்ட இடம் வேண்டவே வேண்டாம்.

23 ஜூன்

‘புரமோட்டர் வேலையும் கிடைக்கவில்லை என்றால்?’ என்று தம்பி கேட்கிறார். அப்போது மார்க்கெட்டிங் செய்துகொடுக்க ஒரு கடையைப் பிடியுங்கள், ஒன்றே ஒன்று போதும். தெரிந்தவர் கடையாக இருக்கட்டும்.

என் அக்கா மகள் போன ஆண்டு செய்ததைச் சொல்கிறேன். அவள் தோழியின் அப்பா சுங்குடிச் சேலை வியாபாரி. மதுரைச் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பெயர் இருந்தும் அவர் கடைக்கு ஆள் வரவில்லை. கூகுள் மேப்பில் தேடினால் கடை நேரம் தப்பாக இருந்தது. படம் ஒன்றே ஒன்று, அதுவும் யாரோ எடுத்த ஷட்டர் படம். இவள் முதலில் செய்தது அதைச் சரிசெய்ததுதான். கடை உரிமையாளர் கணக்கிலேயே பதிவைச் சரிபார்த்து, நேரம், போன் நம்பர், பத்துப் படம் போட்டாள். செலவு ஒன்றுமில்லை.

அடுத்து ஒரு வீடியோ எடுத்தாள். நூலால் புள்ளி புள்ளியாகக் கட்டிச் சாயத்தில் முக்கிய சேலை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க, கட்டுகள் படபடவென்று வரிசையாகப் பிரிந்து உள்ளே வெள்ளைப் புள்ளிகள் பூப்போல வெளியே வரும். நாற்பது விநாடிதான். கையால் கட்டிய சேலைக்கும் அச்சுப் போட்ட சேலைக்கும் ஏன் விலை வித்தியாசம் என்று அதைப் பார்த்தவர்கள் கேட்கவே இல்லை.

பிறகு வாட்ஸ்அப் பிசினஸில் சேலைப் படங்களை விலையோடு கேட்டலாக்காகப் போட்டாள். பழைய வாடிக்கையாளர்களுக்கு பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போகும்படி, அனுப்பினாள். இங்கே ஒரு விஷயம்: ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும், அவர்கள் போனில் கடை நம்பர் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் கல்லாப் பக்கத்தில் ‘எங்கள் நம்பரைச் சேமியுங்கள், புது டிசைன் வந்தால் சொல்கிறோம்’ என்று எழுதி வைத்தாள். இவ்வளவு சின்னதை யோசித்ததுதான் எனக்குப் பெருமை.

எல்லாவற்றையும்விட முக்கியம்: தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் தினமும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை போன் வந்தது என்று கடைக்காரரைக் கோடு போட வைத்தாள். பிறகும் அதையே செய்தாள். முன் கணக்கு இல்லாமல் ‘வியாபாரத்தை உயர்த்தினேன்’ என்று ரெசியூமில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

24 ஜூன்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். 700 ரூபாய்க்கு ஃபேஸ்புக் விளம்பரம் போட்டாள். 28 பேர் போன் செய்தார்கள், 4 பேர் வாங்கினார்கள். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 175 ரூபாய் ஆயிற்று. ஒரு சேலைக்கு 150 ரூபாய் லாபம் என்றால் நஷ்டம்தான். ஆனால் அந்த நான்கு பேரில் இருவர் தீபாவளிக்குத் திரும்ப வந்தார்கள். இதை ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால் நேர்முகத்தில் உங்களுக்குப் பேச விஷயம் இருக்கிறது. நஷ்டத்தை மறைக்காமல் எழுதுங்கள். ஆள் எடுக்கிற இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், நஷ்டத்தைச் சொல்கிற பிள்ளையைத்தான் நம்புவேன்.

7 ஜூலை

‘ஒரு கடையைப் பிடியுங்கள்’ என்று எழுதியதை இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை, அது என் தப்பு. டியூஷன் சென்டர் ஒன்றுக்கு மூன்று மாதம் இலவசமாக போஸ்டர் செய்துகொடுத்த ஒரு பையன் எனக்கு எழுதியிருக்கிறான். இப்போது அந்த சார் இவனைப் பார்த்தால், ‘தம்பி, நாளைக்குள்ள இன்னொண்ணு’ என்கிறாராம். டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி.

ஆகவே மாற்றிச் சொல்கிறேன். இலவசம் என்றால் இரண்டு வாரம், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: ‘அண்ணாச்சி, ரெண்டு வாரம் செஞ்சு காட்டுறேன். பிடிச்சிருந்தா மாசம் 2,000 கொடுங்க. பிடிக்கலைன்னா நான் செஞ்சதை எழுதிக் காட்டிக்கிறேன், அதுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.’ வியாபாரிக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். பிடிக்காதவர் நம் உழைப்பை மதிக்காதவர், விடுங்கள்.

கோர்ஸ் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸுக்கு 30,000, 40,000 கேட்கிறார்கள். ‘100 சதவீத வேலை உறுதி’ என்ற பேனரையும் பார்த்தேன். நகையை அடகு வைத்துச் சேர வேண்டாம். கூகுள் விளம்பரச் சான்றிதழ், கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசம். தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும், சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், பிறகு மறுபடியும் எழுத வேண்டும். மார்க்கெட்டிங் மென்பொருள் கம்பெனியான ஹப்ஸ்பாட்டிலும் இலவச வகுப்புகள் இருக்கின்றன. அவற்றை முடித்த பிறகும் ‘ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் புரியும்’ என்று தோன்றினால் அப்போது காசு கொடுத்துச் சேருங்கள். கல்லூரியில் இன்னும் படிப்பவர்கள், 2022ல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன வகுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

24 ஜூலை

நேற்று மத்திய பட்ஜெட்டில், கம்பெனிகளில் சேர்ந்து வேலை பழகும் இன்டர்ன்ஷிப் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். 500 பெரிய கம்பெனிகளில் ஐந்தாண்டில் ஒரு கோடிப் பேருக்கு, மாதம் 5,000 ரூபாய், ஒரு முறை மட்டும் 6,000. தம்பிக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். விவரம் வரட்டும்.

இப்போதே இருக்கிற இன்னொரு வழியை யாரும் பேசுவதில்லை, அப்ரண்டிஸ். சட்டப்படி உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனியில் தொழில் பழகுவது. அது ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கு மட்டும் என்றே நினைத்திருக்கிறோம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை 2014ல் திருத்தியபோது பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் வழி திறந்துவிட்டது. பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 உதவித்தொகை என்று 2019ல் விதி வந்தது. ஓராண்டு முடிந்தால் மத்திய அரசின் சான்றிதழ். பெயருக்கு அப்ரண்டிஸ் என்றாலும் ரெசியூமில் அது ஓராண்டு அனுபவம்தான்.

கே.புதூரில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தனியார் கம்பெனி வேலை முகாமுக்கும் போய்வாருங்கள். அங்கே வேலைக்கு யாரும் பணம் கேட்கக் கூடாது. சும்மா பேசிப் பழகுவதற்காவது பயன்படும்.

4 ஆகஸ்ட்

ஆடித் தள்ளுபடி. நேற்று ஆடிப்பெருக்கு. விளக்குத்தூண் பக்கம் நடக்க முடியவில்லை. வேலை தேடுகிறவர்கள் இந்த மாதம் ஜவுளிக் கடைகளில் கேளுங்கள். தீபாவளி வரைக்கும் அவர்களுக்கு ஆள் வேண்டும்.

மேலூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: ‘அக்கா, எல்லாம் டூவீலர், லைன் என்கிறீர்கள். பொண்ணுங்க என்ன பண்றது?’ இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஃபீல்டு வேலை பெண்களுக்கு எளிதில்லை. வெயிலும் அலைச்சலும் எனக்குப் பழகிவிட்டது, கழிப்பறைதான் பழகவே இல்லை. உசிலம்பட்டி லைனில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போவேன். அதில் ஒரு முறை சிறுநீர்த் தொற்று வந்து பத்து நாள் படுத்தேன். பிறகு லைனில் மூன்று இடங்களைக் குறித்துவைத்தேன்: ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பேங்க், கடைக்காரர் வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கும் ஓர் அண்ணாச்சியின் கடை. அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவார். ஆர்டர் எடுக்கும் வரிசையையே அந்த மூன்று இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். புது ஆபீசர் ஒருவர் ‘ஏன் இப்படிச் சுத்திப் போறீங்க?’ என்றார். காரணத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கடையில் நிற்கும் வேலை என்றால் இப்போது ஒரு நல்லது இருக்கிறது. 2021ல் தமிழ்நாட்டுச் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நான் நின்ற காலத்தில் அது இல்லை. இருக்கை இல்லாத கடை என்றால் சேரும் முன் கேட்டுவிடு தங்கச்சி.

பெண் என்பதால் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. கடைக்காரர் மனைவி, பக்கத்து வீட்டு அக்கா, சமையல்கட்டு, இவை எனக்குத் திறந்தன. மசாலா எப்படிக் கரைக்கிறார்கள், எந்த டப்பாவில் கொட்டி வைக்கிறார்கள் என்று ஆண் சேல்ஸ்மேன்களால் பார்க்கவே முடியாது. நீ மசாலா, சோப்பு, நாப்கின் போன்ற பொருள்களில் தேடு.

15 செப்டம்பர்

தம்பி போன வாரம் ஒரு மசாலாக் கம்பெனி நேர்முகத்துக்குப் போய்வந்திருக்கிறார். ‘எங்கள் சரக்கைக் கடைசியாக எந்தக் கடையில் பார்த்தீர்கள்?’ என்று கேட்டார்களாம். இவர் விழித்திருக்கிறார். அவர்களுடைய வெப்சைட்டை மனப்பாடம் செய்துவிட்டுப் போனவர், ஒரு கடையில்கூட ஏறிப் பார்க்கவில்லை.

மனசு விட வேண்டாம். அடுத்த நேர்முகத்துக்கு முந்தின நாள் பத்துக் கடை ஏறுங்கள். ஐந்து டவுனில், ஐந்து வெளியே. காலை 11 மணிக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் கூட்டம் இருக்கும், அண்ணாச்சி பேசமாட்டார். ஏதாவது ஒன்று வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். அவர்கள் சரக்கு எந்தத் தட்டில், பக்கத்தில் யார் சரக்கு, தேதி எவ்வளவு பழையது, கடைக்காரர் என்ன குறை சொல்கிறார். நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள்.

ரெசியூமில் முதல் நான்கு வரி ‘சவாலான சூழலில் பணியாற்றி’ என்று ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு, உங்கள் சித்தப்பா உரக்கடையில் நீங்கள் செய்த வாட்ஸ்அப் வேலையை அங்கே போடுங்கள். அதை ஏன் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைத்தீர்கள்?

14 அக்டோபர்

இன்டர்ன்ஷிப் திட்டத்துக்குப் பதிவு 12ஆம் தேதி விஜயதசமி அன்று தொடங்கியிருக்கிறது. ஜூலையில் ‘தம்பிக்குப் பொருந்தும்’ என்றேன், நிபந்தனைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். 2024 பதிவுக்கு வயது 21 முதல் 24. வீட்டில் யாருக்கும் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நிரந்தர அரசு வேலையிலும் இருக்கக் கூடாது. முழுநேர வேலையில் இருக்கிறவர்களும் எம்.பி.ஏ. முடித்தவர்களும் சேர முடியாது. ஏற்கெனவே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கும் இது கிடையாது. ஆகவே நான் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது குழப்பம். இரண்டில் எது முதலில் என்று யோசித்துப் போடுங்கள். வீட்டுக்கு மாதா மாதம் பணம் வேண்டும் என்றால் இன்டர்ன்ஷிப்பின் 5,000ஐவிட அப்ரண்டிஸின் 9,000 மேல்.

27 அக்டோபர்

தம்பியிடமிருந்து செய்தி. இன்னொரு மசாலாக் கம்பெனியில் சேல்ஸ் டிரெய்னி, 13,500 சம்பளம், பெட்ரோல் தனி, உசிலம்பட்டி–ஆண்டிபட்டி லைன். சொந்த ஊர் லைனே கிடைத்துவிட்டது. நேர்முகத்தில் பத்துக் கடைத் தாளை வைத்தாராம். அவர்கள் குழம்புப் பொடி நான்கு கடையில் தேதி முடியப்போகும் நிலையில் இருந்தது என்று எழுதியிருந்ததை மேனேஜர் இரண்டு முறை படித்தாராம்.

சேர்ந்து மூன்று வாரம். நேற்று இரவு இப்படி எழுதியிருக்கிறார்: ‘அக்கா, 50 கிராம் ரசப்பொடி உசிலம்பட்டியில் சந்தை அன்றைக்கு மட்டும் போகிறது. மற்ற நாள் 10 ரூபாய்ப் பாக்கெட்தான். ஏன் என்று தெரியவில்லை.’

தம்பி, சந்தைக்கு யார் வருகிறார்கள், ஆணா பெண்ணா, எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள் என்று நான்கு சந்தைக்குக் குறித்துக்கொண்டே வாருங்கள். தீபாவளி வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எல்லாவற்றையும் குழப்பிவிடும். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், எங்கள் கம்பெனி அப்பளத்துக்கும் அந்தச் சந்தையில் இதே கதைதான் நடக்கிறது.